செம்ம பாண்டியம்மா

அலகுமலை முருகன் துணை

முதலிபாளையம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குகனும் சுகம்தான். உன் சுகத்தை நீ அம்மாவிடம் மட்டும் சொல்கிறாய், அவள் போனை வைத்த பிறகு அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன், இந்த வாரம் அந்த முகம் சரியில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுவதில்லை, அதனால்தான் பேப்பரில் எழுதி கூரியரில் போடுகிறேன். பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் கையால் எழுதியதில்லை, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் சரி. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். தப்பு என்னுடையது. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாயோ என்று பயம், ஆனாலும் எழுதிவிட்டேன். மீதியையும் படி. உனக்குத் தெரியாத ஒன்று இன்று காலை நடந்திருக்கிறது.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் குதிகால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பை வீட்டுக்குள் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். நாச்சிமுத்து மாமா அவிநாசியில் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது, நீ ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், பரீட்சை என்று பொய் சொன்னேன், அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குகன் காதுக்கு மேல் ரெண்டு கோடு இழுத்து முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஏன்டா இப்படி என்றால் "இதானுங்ப்பா இப்ப ட்ரெண்டு, நீங்க பூமருங்க, உங்களுக்குப் புரியாது" என்கிறான். மறுநாள் பி.டி. வாத்தியார் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார், நான்தான் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பூமர் என்று அவன் சொன்ன நொடியில் என் கை தானாகப் போனை எடுத்தது, இதற்கு அடுத்து என்ன வார்த்தை வந்திருக்கிறது என்று உன்னிடம் கேட்பதற்கு. எடுத்த போனை அப்படியே மேஜையில் வைத்தேன். அவன் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். இந்த வீட்டில் உன் பேரை இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

நான் கூட்டாளிகளோடு சுற்றிய காலத்தில் நன்றாக உடுத்தி வந்தவனை டிப்டாப் என்போம், டக்கர் என்போம், கொஞ்சம் பொறாமை இருந்தால் ஷோக்கு, ரொம்ப இருந்தால் பந்தா. அந்த வார்த்தைகள் வருஷக்கணக்கில் எங்களோடு இருந்தன, பேண்ட் கிழியும்வரை வார்த்தையும் கிழியாது. உங்கள் காலம் அப்படி இல்லை. கெத்து வந்தது, மாஸ் வந்தது, வேற லெவல் வந்தது, வைப் வந்தது, ஒவ்வொன்றும் நான் பிடிப்பதற்குள் பழசாகிவிடுகிறது. நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, வெட்டி, நெஞ்சில் பிரிண்ட் அடித்து, தைத்துக் கடைக்குப் போவதற்குள் ஏதாவது ஒரு பெரியப்பா கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார், அதோடு அது முடிந்தது. வேற லெவல் என்று அடித்த பனியன்களைக் கிழித்துத்தான் நம் பிரிண்டிங் கம்பெனியில் இன்றைக்கும் மிஷின் துடைக்கிறோம். துணி எவ்வளவு சுருங்கும், சாயம் எத்தனை சலவைக்கு நிற்கும் என்று நான் சோதித்துச் சொல்லிவிடுவேன், ஒரு வார்த்தை எத்தனை நாள் நிற்கும் என்று சோதிக்க மிஷின் கிடையாது. நீதான் அந்த மிஷின். அப்படித்தான் உன்னை வைத்துக்கொண்டேன், எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. உன்னை வெளிமாநிலத்து ஃபேஷன் காலேஜில் சேர்க்க வந்தபோது அந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்து உனக்கு அண்ணனா என்று கேட்டானே, நாற்பது வயதுக்காரனுக்கு அது போதாதா, உன் வயசு வார்த்தை எல்லாம் எனக்கும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன். நான் போனில் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்க்கும்போது "அப்பா, நீங்க சொன்னா அது செத்துருமுங்க" என்று நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். பாதி அதற்கும்தான். மீதிப் பாதி எதற்கு என்று இப்போது நம் ரெண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்கு உங்கள் காலேஜில் ஏதோ விழா. கருநீலக் குர்த்தா போட்டு நீ போட்டோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாய். "இன்னைக்கு நான் செம்ம பாண்டியம்மா, எங்க கூட்டாளிக எல்லாருமே சொல்லீட்டாங்ப்பா" என்றாய். குர்த்தாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், கழுத்து வேலை நீயே செய்ததா, நன்றாக இருந்தது, நீயும் நன்றாக இருந்தாய், இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அன்று நான் கேட்டது பாண்டியம்மான்னா என்ன கண்ணு என்பதைத்தான். ஸ்டைலு, ட்ரெண்டு, அப்டேட்டு எல்லாத்தையும் தாண்டி ஒண்ணு, எங்க ஹாஸ்டல்ல நாலு தமிழ்ப் புள்ளைகளுக்கு மட்டுந்தான் தெரியும், இது எங்களுது, பனியன்ல போட்டுறாதீங்ப்பா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். சார்ஜ் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சார்ஜ் இருந்தது. வைத்த கையோடு டிசைன் போடுகிற முனீஸைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். ஒரு கிழவி, பொக்கை வாய், கண்ணில் கூலிங் கிளாஸ், கீழே கொட்டை எழுத்தில் செம்ம பாண்டியம்மா. யாரும் கேட்கவில்லை, எல்லாம் நானே சொன்னது. முனீஸ் ராமநாதபுரத்துக்காரன், "அண்ணே, எங்க அத்த பேரு பாண்டியம்மாண்ணே, பாத்துச்சுன்னா வெளக்கமாத்த எடுத்துரும்" என்றான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. எந்தப் பார்ட்டி துணி கொண்டு வந்தாலும் எங்கே ஓட்டியது, என்ன நூல், என்ன சாயம் என்று குடைந்து கேட்காமல் நான் பிரிண்டுக்கு எடுக்க மாட்டேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பனியன் ஓடியது. ஓடிய நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவில்லை. நம்மிடம் அடித்து ஊர் ஊராக அனுப்புகிற மொத்த வியாபாரி ஆரோக்கியராஜ் "யோவ் குணா, ஒம் மண்டைய இன்சூரன்ஸ் பண்ணுய்யா" என்றான். பெட்ரோல் பங்கில் ஒரு பையன் போட்டிருந்ததைப் பார்த்துப் பெட்ரோல் போட்ட பிறகும் வண்டியை எடுக்காமல் நின்றேன். அந்த நாட்களில்தான் நீ கூப்பிட்டாய். ஒரே கேள்வி. அப்பா, அந்தப் பாண்டியம்மா பிரிண்டு நம்முளுதுங்களா? நம்முளுதேதான் கண்ணு, செம்ம ஓட்டம் என்றேன். நீ வைத்துவிட்டாய். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகு அம்மா மூலம் துண்டு துண்டாகத் தெரிந்தது. உன் ரூமில் இருந்த ஜோதிகா, நம் வேலம்பாளையத்துப் பெண், ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாளில் போட்டிருந்த சட்டை அவள் அம்மா கட்டிங் வேஸ்ட் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது என்றும், ஒரு கை ஒரு நிறம் இன்னொரு கை வேறு நிறமாக இருந்ததைப் பார்த்து சீனியர்கள் சூழ்ந்துகொண்டு இது யார் டிசைன் என்று கேலி செய்தார்கள் என்றும், அவள் கொஞ்சமும் அசராமல், பெரிய பிராண்டைச் சொல்வதுபோல, பாண்டியம்மா என்று தன் அம்மா பேரைச் சொன்னாள் என்றும். ஒரு சீனியர் நிஜமாகவே செல்போனில் அந்த பிராண்டைத் தேடினாளாமே. அன்றிலிருந்து உங்களில் யார் நன்றாக உடுத்தினாலும் பாண்டியம்மா. வருஷக் கடைசியில் நீங்கள் தைத்ததைக் காட்சிக்கு வைக்கிற டிஸ்பிளேயில் ஜோதிகா தான் தைத்த உடைகளுக்கு மேலே அந்தப் பேரை எழுதி வைத்ததும், சென்னைப் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கிய நம் பனியனை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்ததும், கூட்டமே சிரித்ததும், அவள் பேர்ப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைக்கே ரூமை மாற்றிக்கொண்டு போனதும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா, சரி, இனிமே அடிக்கல, விடு என்றேன். அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "ஏனுங்க, உங்களுக்கு எல்லாமே பிரிண்டுதானுங்களா? போன மாசம் புள்ள காச்சல்னு மெசேஜ் போட்டாளே, அதுக்கு என்ன பதில் போட்டீங்கன்னு எடுத்துப் பாருங்க" என்றாள். எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல்ப்பா என்று நீ போட்டதற்குக் கீழே மாத்திரை போடு என்று இருந்தது, அதற்கு அடுத்த வரியில் வைப் முடிஞ்சுதா, அடுத்து என்ன ஓடுது என்று இருந்தது. மேலே தள்ளிக்கொண்டே போனேன். கேள்வி எல்லாம் என்னுடையது, வார்த்தை எல்லாம் உன்னுடையது. சாப்பிட்டாயா என்று ஓரிடத்திலும் இல்லை. மறுநாள் காலை நானே நின்று அந்த பிரிண்டை அடிக்கிற ஸ்கிரீன்களைக் கழுவி டிசைனை அழித்தேன், ஆரோக்கியராஜிடம் இனி அந்தச் சரக்கு இல்லை என்று சொன்னேன். "நீ அடிக்கலேன்னா இன்னொருத்தன் அடிக்கப் போறான், இந்த ஊருல ஸ்கிரீனுக்கா பஞ்சம்" என்றான். அவன் சொன்னது சரி. காதர்பேட்டை பனியன் கடைகளில் அதே கிழவி, கண்ணாடியின் நிறத்தை மட்டும் மாற்றி, யார் யாரோ அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மிஷின் தப்பாக ஓடினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு யோசிக்கிறவன் நான். இதற்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கம்பெனியில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை அம்மாதான் கிளம்புங்க என்றாள். வேலம்பாளையம் போனோம். ஜோதிகாவின் அம்மாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் தைத்த பனியன்களில் பழுது பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலை, லைன் வீட்டில் குடி, உள்ளே இடமில்லாமல் தையல் மிஷினை வாசலில் போட்டிருக்கிறார். யார் என்று சொன்னதும் உன் அம்மாவிடம் "உள்ள வாங்கக்கா" என்றார், என்னைப் பார்க்காமல் ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் நின்றபடியே, அந்தப் பனியன் அடிச்சது நாந்தானுங்க அக்கா, பெரிய தப்புப் பண்ணிப்போட்டேனுங்க என்றேன். கையில் இருந்த துணியைக் கீழே வைக்காமலே பேசினார். "மொத நாளு எங்க கம்பெனிப் பயலுக செம்ம பாண்டியம்மான்னு கூப்புட்டப்ப நானும் சிரிச்சேன் சார். எம்மக சொன்ன வார்த்த ஊரு பூராம் பரவிருச்சு போலன்னு பெருமையாக்கூட இருந்துச்சு. பெறகு மெக்கானிக்குப் பய ஒரு பனியனக் கொண்டாந்து என் டேபிள்ள விரிச்சான். பாத்தா பொக்கவாயிக் கெழவி. எனக்கு நாப்பத்தி நாலு வயசு சார், பல்லெல்லாம் இருக்கு, இந்தா பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினார். அம்மா சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார், எனக்கு வரவில்லை. சிரித்து முடித்த பிறகு, "இப்ப கம்பெனியில எவன் பேரச் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்ப மாட்டேங்கேன். வேலைக்குக் கூப்புடுறானா, வெளாட்டுக்குக் கூப்புடுறானான்னு தெரிய மாட்டேங்குது" என்றார். அது ஒரு பேருன்னு நெனைக்கலீங்க அக்கா, வார்த்தைன்னு நெனைச்சுப்போட்டேனுங்க என்று நான் உளறினேன். "மதுரப் பக்கம் ஒரு பஸ்ஸுக்கு நாலு பாண்டியம்மா ஏறுவோம் சார், ஒங்களுக்கு மட்டும் தெரியலையாக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒங்கள நான் குத்தம் சொல்லல சார், ஒங்களுக்கு எங்க வீட்டுக் கதை என்ன தெரியும், தெரிஞ்சே குடுத்தது ஒங்க மகதான் என்றார். "அப்பா புது டிசைன் வேணும்னாரு, நாந்தான் குடுத்தேன், மன்னிச்சுக்கடின்னு எம்மக கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். பனியன்கூடப் பெருசில்ல, அவளே குடுத்துட்டாளேன்னுதான் எம்மக ரூம மாத்திக்கிட்டுப் போனது" என்றார். அந்தத் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிரியா, நீ அப்படியா சொன்னாய்? பனியன்ல போட்டுறாதீங்ப்பா என்று நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. எங்க அப்பா எங்கிட்டருந்து திருடிட்டாரு என்று சொல்வதற்கு மனசு வராமல், நானே கொடுத்தேன் என்று உன் கூட்டாளி முன்னால் நின்றிருக்கிறாய். என்னோடு பேச மாட்டேன் என்கிறாய், என்னை விட்டும் கொடுக்கவில்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி முடித்திருப்பேன், என் குணம் உனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை சாமி.

தெரிந்தது ஒன்றுதான், அங்கேயே செய்தேன். நீ எங்களுது என்று சொன்னதையும், பனியனில் போடாதே என்று சொன்னதையும், நான் சிரித்துவிட்டு சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவுக்கே அது முழுதாகத் தெரியாது, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாண்டியம்மா அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு ஜோதிகாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, எங்கிட்டச் சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, சரிங்க அங்கிள் என்றாள். பின்னால் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு "அவ ஏன் எங்கிட்ட நெசத்தச் சொல்லல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. உங்க டிஸ்பிளே மேடத்துகிட்ட நான் பேசட்டுமா சாமி என்றேன். வேணாங்க அங்கிள், நானே பேசிக்கிறேன் என்றாள். அதில் நான் கை வைக்க மாட்டேன். அந்தப் பேரை அவள் மறுபடி மாட்டுவதும் மாட்டாததும் அவள் இஷ்டம். யாராவது அது பனியன் பேர்தானே என்று கேட்டால், இல்லை, அந்தப் பனியன்காரன்தான் திருடினான் என்று என் பேரையும் ஊரையும் தாராளமாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது பாண்டியம்மா அக்கா, ஒங்க மகளுக்கு என்ன அளவு சார் என்று கேட்டார். எதுக்குங்க என்றேன். "ஒரு சட்ட தைக்கத்தான். அப்பன் செஞ்சதுக்குப் பழிய ஏத்துக்கிட்டு நின்னுச்சே, அந்தப் புள்ளைக்கு. ஒங்களுக்கில்ல" என்றார். நான் எம் என்றேன். அதே நேரத்தில் அம்மா எல் என்றாள். எந்தக் கடைக்கு எம் என்றால் எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், உன் அளவு எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் சேந்து பெத்த புள்ளதானக்கா?" என்று அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் செருப்பைத் தேடினேன்.

இந்தப் பார்சலில் அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறாள், மெஸ் சப்பாத்தியோடு மல்லுக்கட்டாமல் ரெண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் சொல்வதுபோல எனக்கும் ஒரு வரி போடு, மாத்திரை போடு என்பதோடு நிறுத்த மாட்டேன். என் போனை எடு என்று நான் சொல்லவில்லை, எடுக்கத் தோன்றும்போது எடு, தோன்றும்வரை எடுக்காதே. ஆனால் அந்தப் பழியை மட்டும் இன்றோடு கீழே இறக்கி வைத்துவிடு, அது உன்னுடையது இல்லை, உனக்குப் பொருந்தவும் இல்லை. முருகன் உன்னைக் கைவிட மாட்டான். நீ நல்லபடியாகப் படித்து, நினைத்ததைத் தைத்து, உனக்குப் பிடித்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோள், மார்பு, கை, உயரம், நாலையும் அளந்து அம்மாவுக்கு அனுப்பு, அவள் வேலம்பாளையத்துக்குச் சொல்லிக்கொள்வாள். தோள் அளவை நீயாக எடுக்காதே, கண்ணாடி முன்னால் நின்று எடுத்தால் கட்டாயம் தப்பாகத்தான் வரும், பின்னால் நின்று டேப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஜோதிகாவிடம் கேள்.

உன் அப்பா
குணசேகரன்